நட்ட கன்றுகளும் நான் எழுதாத செய்தியும்

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்ட ஒருவரிடம், "நீங்கள் எழுதியவற்றுள் உங்களுக்கு நிறைவு தந்த செய்தி எது?" என்று புதிதாகத் தொழிலுக்கு வரும் இளைஞர்கள் கேட்பதுண்டு. என்னிடமும் பலர் கேட்டிருக்கின்றனர். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதிலைச் சொல்லிச் சமாளித்திருக்கிறேன். எழுதாமல் விட்ட செய்தி எது என்று மட்டும் இதுவரை எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தடுமாறாமல் பதில் சொல்லியிருப்பேன். அது மட்டக்களப்பு வாவிக் கரையில் நடப்பட்ட கண்டல் கன்றுகளைப் பற்றிய செய்தி. 2008 ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்க வேண்டும். கடந்த 2025 நவம்பர் மாத இறுதியில் டித்வா புயல் நாட்டைச் சீரழித்துச் சென்ற பின்னர் அதே கரைக்கு மீண்டும் ஒருமுறை போய் வந்தேன். அன்று தொடக்கம் அந்தப் பழைய கடன் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பதினெட்டு ஆண்டுகள் பிந்தியாயினும் இங்கே அதனை எழுதித் தீர்த்துவிட எண்ணுகிறேன்.

மட்டக்களப்பை அறியாத வாசகர்களுக்காக முதலில் நிலத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்தை வாவி இரண்டாகப் பிரிக்கிறது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, சூரியன் படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரை என்பது கடலுக்கும் வாவிக்கும் இடையில் நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலம். அங்குள்ள ஒரு கிராமத்தைப் பற்றியதே இக்கட்டுரை. அங்குள்ளோர் எளிதில் அடையாளம் காணப்படுவர் என்பதால் கிராமத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

அந்த மக்களுக்கு இரண்டு வயல்கள் உண்டு என்று சொல்லலாம். ஒன்று கடல். பங்குனி தொடக்கம் ஆவணி, புரட்டாதி வரை கிழக்குக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். கரைவலை இழுப்பதும், வள்ளத்தில் ஓடுவதும் அக்காலத்தில்தான். ஐப்பசி பிறந்து வாடைக்காற்றுத் தொடங்கியதும் கடல் மூடிவிடும். அதன் பின்னர் தை மாதம் வரை அடுப்பெரிவது வாவியால்தான். வாவியை அவர்கள் 'ஆறு' என்றே சொல்வர். ஆற்றில் இறாலும் நண்டும் செத்தலும் பிடித்து அந்த நான்கு மாதங்களையும் தள்ளுவர். இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் ஒதுங்கி வளர்வது கரையோரத்துக் கண்டல், கண்ணா மரங்களின் வேர்களுக்கிடையே. ஆகவே கண்டல் காடு என்பது இம்மக்களுக்கு அழகுக்காக நிற்கும் பசுமையன்று. அது மாரிகாலத்துக்கு என்று சேமித்து வைத்த நெல்லுக் குதிர் போன்றது. கரை அரிக்காமல் காப்பதும், காற்றின் வேகத்தைத் தணிப்பதும், விறகு தருவதும் அதன் மேலதிகக் கொடைகள்.

காற்றின் வேகம் என்றால் என்ன என்பதை நான் எட்டு வயதில் அறிந்தேன். 1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான். கூரைத் தகரங்கள் இருளில் பறக்கும் ஓசையும், கட்டிலுக்குக் கீழே எங்களை அணைத்தபடி அம்மம்மா தேவாரம் சொன்ன குரலும் இன்னும் காதில் உண்டு. விடிந்து வெளியே வந்தபோது எங்கள் வளவிலிருந்து வாவி தெரிந்தது. அதுவரை தென்னை மரங்கள் அதனை மறைத்திருந்தன. ஏறக்குறைய ஆயிரம் பேர் மாண்டதாகப் பின்னர் அறிந்தோம். வாவியை அண்டிய சில குடிசைகள் மட்டும் தப்பியிருந்ததைக் காட்டி, "தில்லையும் கண்ணாவும் நிண்ட பக்கம் காத்து அடிக்கல்ல" என்று பெரியவர்கள் பேசிக்கொண்டனர். அது எவ்வளவு தூரம் சரி என்பதை அளந்து பார்த்தவர் எவருமில்லை. ஆயினும் அவ்வாறு நம்பிய மக்களே பின்னர் அந்த மரங்களை இழந்தனர். விறகுக்காக வெட்டியது ஒரு பகுதி. போர்க்காலத்தில் பாதுகாப்புக்கென்று வீதியோரங்களை வெளியாக்கியது இன்னொரு பகுதி.

2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது எனக்கு வயது முப்பத்து நான்கு. நாடு முழுவதிலும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தக் கிராமத்தில் கடற்பக்கத்து வீடுகளுள் அத்திவாரங்கள் மட்டுமே மிஞ்சின. அடுத்த சில மாதங்களில் வந்த உதவிகளை நான் நாள்தோறும் எழுதினேன். தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்கு வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் விதித்த தடையையும், அது பின்னர் தளர்த்தப்பட்டதையும் எழுதினேன். வலை இல்லாதவனுக்கு வள்ளம் கிடைத்ததையும், வள்ளம் ஓட்டத் தெரியாதவனுக்கு இரண்டு வள்ளம் கிடைத்ததையும்கூட எழுதினேன். அவற்றில் எனக்கு வெட்கமில்லை.

வெட்கப்பட வேண்டியது 2005 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எழுதிய ஒரு செய்தியைப் பற்றித்தான். அரசசார்பற்ற நிறுவனம் ஒன்று அக்கிராமத்தின் வாவிக் கரையில் கண்டல் நடுகை விழாவொன்றை நடத்தியது. மேடை, மாலை, மங்கல விளக்கு எல்லாம் இருந்தன. பாடசாலைப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் வரிசையாக நின்று சேற்றில் கன்றுகளை ஊன்றினர். ஆயிரக்கணக்கில் கன்றுகள். எண்ணிக்கையைத் தலைப்பிலேயே போட்டேன். படத்துடன் நான்கு பத்தியில் செய்தி வந்தது.

விழா முடிந்து வாகனத்துக்காகக் காத்திருந்தபோது, ஒரு பெண்மணி என்னருகே வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். அன்று நாளாந்தக் கூலிக்குக் கன்று சுமந்தவர்களுள் ஒருவர். மெதுவான குரலில் இப்படிச் சொன்னார்:

"தம்பி, இது மாடு இறங்கித் தண்ணி குடிக்கிற துறை. ஆத்துவாய வெட்டினாத் தண்ணி வத்திச் சேறு வெடிச்சிப் போகும். இதில கண்டல் நிக்காது. அந்தா, அந்த மூலையில நட்டா நிக்கும். ஆரு எங்களக் கேட்டாங்க?"

அவர் சொன்னதை என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். செய்தியில் எழுதவில்லை. நல்ல காரியம் ஒன்று நடக்கிறது, அழிவுக்கு நடுவே மக்களுக்கு ஒரு நம்பிக்கை வேண்டும், ஒரு கூலித் தொழிலாளியின் முணுமுணுப்பை அதில் கலப்பானேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். இன்னொரு காரணமும் உண்டு. அங்கே நான் போனதும் வந்ததும் அந்த நிறுவனத்தின் வாகனத்தில்தான். அதனையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

2008 ஆம் ஆண்டில், கிழக்கில் போர் ஓய்ந்த பின்னர், வேறொரு வேலையாக அவ்வழியே சென்றபோது அந்தத் துறையில் இறங்கிப் பார்த்தேன். அறிவிப்புப் பலகை நின்றது. அதில் எழுத்துகள் மங்கியிருந்தன. பலகைக்குப் பின்னால் வெடித்த சேறும் மாட்டுக் குளம்புத் தடங்களும் இருந்தன. கன்றுகளுக்கு ஊன்றிய குச்சிகளுள் பத்துப் பன்னிரண்டு சரிந்து கிடந்தன. ஒரு கன்றுகூட உயிருடன் இல்லை. நெடுநேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அதனை நான் எழுதவில்லை. வடக்கில் போர் உச்சத்தில் இருந்த காலம். பக்கங்களில் இடம் இருக்கவில்லை என்பது உண்மை. ஆனால் நான் ஆசிரியபீடத்தில் கேட்டுப் பார்க்கவே இல்லை என்பதும் உண்மை. நட்டதைத் தலைப்பில் போட்டவன், செத்ததை எழுதும்போது தன் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கும் அல்லவா?

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2017 இல், சுனந்த கொடிகார என்னும் தாவரவியல் ஆய்வாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வொன்று என் கைக்குக் கிடைத்தது. ஆழிப்பேரலைக்குப் பின்னர் இலங்கையில் கண்டல் நடப்பட்ட 23 இடங்களை அவர்கள் சென்று பார்த்திருந்தனர். அந்த இடங்களில் மொத்தம் 67 நடுகை முயற்சிகள் நடந்திருந்தன. ஏறக்குறைய 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நடுகைக்கு உட்பட்டிருந்தது. அதில் வெற்றி கண்டது 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே. 23 இடங்களுள் 9 இடங்களில் ஒரு கன்றுகூட எஞ்சியிருக்கவில்லை. பாதிக்கும் மேற்பட்ட கன்றுகள் பிழைத்திருந்த இடங்கள் மூன்றே மூன்று: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. மூன்றும் மேற்குக் கரையில் உள்ளவை.

காரணங்களையும் அவர்கள் அடுக்கியிருந்தனர். நிலமட்டம் பொருந்தாத இடத்தில் நட்டமை, மண்ணின் தன்மையைப் பாராமை, மாடு மிதித்தலும் மேய்தலும், பாசி படிதல், பூச்சித் தாக்கம், எல்லாவற்றுக்கும் மேலாக நட்ட பின்னர் பராமரிக்க ஆளில்லாமை. அந்தப் பகுதியை வாசித்தபோது என் மேசையிலிருந்து எழுந்து போய், பழைய பெட்டியிலிருந்து 2005 ஆம் ஆண்டுக் குறிப்புப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். மாடு, நீர் வற்றல், தவறான இடம், கேளாமை. கூலிக்குக் கன்று சுமந்த அந்த அக்கா நான்கு வரியில் சொன்னவை பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னர் ஆய்விதழில் அச்சேறியிருந்தன. ஆய்வாளர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் தம் கடமையைச் செய்தனர். நான்தான் செய்யவில்லை.

இதன் பின்னணியை விளங்கிக்கொண்டால் உதவி எங்கே வழுக்குகிறது என்பதும் விளங்கும். இலங்கையைச் சுற்றிக் கடலின் ஏற்றவற்றம் மிகச் சிறியது. ஒரு மீற்றருக்கும் குறைவு. வாவிக்குள்ளே அது இன்னும் குறைந்துவிடும். எனவே ஒரு சாண் உயர வித்தியாசம்கூட ஒரு கன்றின் வாழ்வையும் சாவையும் தீர்மானிக்கும். போதாக்குறைக்கு, மட்டக்களப்பு வாவியின் நீர்மட்டத்தைக் கடல் மட்டும் தீர்மானிப்பதில்லை. முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொள்ளும். மாரியில் வெள்ளம் பெருகினால் வயல்கள் மூழ்குகின்றன, ஆற்றுவாயை வெட்டுங்கள் என்று விவசாயிகள் கேட்பர். வெட்டினால் இறாலும் மீனும் கடலோடு போய்விடும் என்று வாவி மீனவர் மறுப்பர். மேலே இருந்து பார்ப்பவருக்கு இரு தரப்பாரும் ஏழைகள். ஆயினும் ஒருவருக்கு நன்மையான வெட்டு மற்றவருக்கு நட்டம். வாவியின் நீர் எந்த மாதத்தில் எங்கே நிற்கும் என்ற கணக்கு இந்தச் சச்சரவுக்குள்தான் இருக்கிறது. அதனைக் கரையில் வாழ்பவரிடம் கேட்காமல், விழாவுக்கு வசதியான, வாகனம் வந்து நிற்கக்கூடிய துறையைத் தேர்ந்தால் கன்று எப்படிப் பிழைக்கும்?

எல்லாமே தோல்வி என்று எழுதினால் அது இன்னொரு அநியாயம். சிலாபத்தைத் தளமாகக் கொண்ட சுதீச என்னும் அமைப்பு, சீகொலொஜி என்ற அமெரிக்க நிறுவனத்துடனும் இலங்கை அரசுடனும் சேர்ந்து 2015 இல் ஒரு திட்டத்தை ஆரம்பித்தது. 3.4 மில்லியன் டொலர் செலவில், நாட்டின் ஏறக்குறைய 8,800 ஹெக்டேயர் கண்டல் காட்டையும் காப்பது நோக்கம். அதற்கு அவர்கள் தெரிந்தெடுத்த வழிதான் கவனத்துக்குரியது. கரையோரக் கிராமங்களின் 15,000 பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் வழங்குவது. பதிலாக அவர்கள் தத்தம் ஊர்க் கண்டலைக் காப்பது. புதிதாக நடுவதைவிட இருப்பதை வெட்டாமல் காப்பதற்கு அத்திட்டம் முதன்மை தந்தது. 2016 இல் பம்பலவில் கண்டலுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் திறந்தனர். 2018 இல் ஐக்கிய நாடுகளின் காலநிலை விருதொன்று அத்திட்டத்துக்குக் கிடைத்தது.

அதே புத்தளம் மாவட்டத்தில் ஆனைவிழுந்தாவ சரணாலயத்தில் இன்னொரு வழியைப் பின்பற்றினர். இறால் வளர்ப்புக்கென்று கண்டலை அழித்து வெட்டிய குளங்கள், நோய் வந்து தொழில் நொடித்த பின்னர் கைவிடப்பட்டுக் கிடந்தன. வயம்ப பல்கலைக்கழகத்தின் பேராசிரியை செவ்வந்தி ஜயக்கொடி முதலானோர் அங்கே கன்று நடுவதில் அவசரம் காட்டவில்லை. அணைகளைத் திறந்து நீர் முன்போல ஓட வழி செய்தனர். நீர் வந்த இடத்துக்கு விதைகளும் மிதந்து வந்தன. 2024 இல் இலங்கையின் கண்டல் மீளுருவாக்க முயற்சியை ஐக்கிய நாடுகள் உலக அளவிலான முன்மாதிரித் திட்டங்களுள் ஒன்றாக அறிவித்தது. முந்திய தோல்விகளிலிருந்து பாடம் கற்றதே அந்தப் பெருமைக்குக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

இனி, கடன் என்ற சொல்லைப் பற்றி. சிலாபத்தில் பெண்களைத் தலைநிமிரச் செய்த அதே சிறுகடன், எங்கள் கிழக்கிலும் வடக்கிலும் எத்தனையோ பெண்களை மூழ்கடித்தது. போர் முடிந்த பின்னர் நுண்கடன் நிறுவனங்கள் கிராமம் கிராமமாக வந்தன. பிணை தேவையில்லை, வீட்டுக்கே வருவோம் என்றனர். ஒரு கடனை அடைக்க இன்னொன்று, அதனை அடைக்க மூன்றாவது. கிழமைக்குக் கிழமை அறவிட வருபவர் முற்றத்தில் வந்து நிற்பார். நிலைமை முற்றிய பின்னர், 2018 இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வந்தது. நுண்கடன் வட்டி ஆண்டுக்கு 35 வீதத்துக்கு மேற்படக்கூடாது என்று மத்திய வங்கி உச்சவரம்பு விதித்தது. உச்சவரம்பே 35 வீதம் என்றால் அதற்கு முன்னர் என்ன நடந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

காலநிலை மாற்றம் என்று மாநாடுகளில் பேசப்படுவது இந்த மக்களின் வீட்டுக்குள் வருவது இந்தக் கடன் அட்டையின் வழியாகத்தான். 1901 தொடக்கம் 2018 வரையான காலத்தில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்துவிட்டது என்று விஞ்ஞானிகள் கணித்திருக்கின்றனர். அது மெதுவாக வரும் ஆபத்து. விரைவாக வருவது வேறு. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானிலை அறிவிப்பு வந்ததும் கடலுக்குப் போகக்கூடாது. அது நல்ல அறிவிப்பு. எத்தனையோ உயிர்களைக் காத்த அறிவிப்பு. ஆனால் ஐந்து நாள் கடலுக்குப் போகாவிட்டால் ஐந்து நாள் வருமானம் இல்லை. கடன் தவணைக்கு வானிலை அறிவிப்பு இல்லை. ஆகவே எச்சரிக்கையை மதிப்பதா, தவணையை மதிப்பதா என்று ஒரு குடும்பம் இரவில் இருந்து யோசிக்கிறது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக ஏறியபோது, சிறு வள்ளங்களுக்கு நல்ல வானிலையிலும் கடல் மூடிக்கொண்டது.

டித்வா புயலில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெரும் சேதம் மலையகத்து மண்சரிவுகளாலும் வெள்ளத்தாலும் ஏற்பட்டது. 'டித்வா' என்பது யேமன் நாடு சூட்டிய பெயர். சொகொத்ரா தீவில் உள்ள ஒரு களப்பின் பெயராம் அது. களப்பின் பெயர் கொண்ட புயல் எங்கள் களப்பு நாட்டுக்கு வந்ததை எண்ணிக்கொண்டே, இவ்வாண்டு தை மாதத்தில் அந்தக் கிராமத்துக்குப் போனேன். இம்முறை பஸ்ஸில் போனேன்.

அந்த அக்காவைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. எழுபது வயதைத் தாண்டிவிட்டார். என்னை நினைவிருக்காது என்று எண்ணித் தயங்கித் தயங்கி அறிமுகம் செய்துகொண்டேன். அவர் உள்ளே போய், பொலித்தீன் உறையில் போட்டு வைத்திருந்த ஒரு பத்திரிகைத் துண்டைக் கொண்டுவந்து நீட்டினார். நான் 2005 இல் எழுதிய செய்தி. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"அக்கா, இதில எழுதினது பிழை. கன்று எல்லாம் செத்துப்போச்சு. நீங்கள் சொன்னதை நான் எழுதாமல் விட்டுவிட்டேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "எழுத்து எனக்கெதுக்குத் தம்பி? சுனாமியில வீட்டுப் படமெல்லாம் போயிற்று. இதில என்ட மகன் நிக்கிறான். வெள்ளச் சட்டை, இந்தா, மூணாவது. அதுக்குத்தான் வச்சிரிக்கன்."

அந்த மகன் இப்போது கட்டாரில் வேலை செய்கிறார். ஆறு சோறு போட்டிருந்தால் போயிருக்கமாட்டான் என்றார். மருமகள் பெயரில் ஒரு கடன். புயல் எச்சரிக்கையும் வெள்ளமுமாக இரண்டு கிழமை வருமானமில்லை. தவணைக்காரர் பொறுத்தாரா என்று கேட்டேன். "பொறுத்தாங்க. பொறுத்ததுக்கும் சேர்த்து எழுதிக்கிட்டாங்க" என்றார்.

பின்னர் என்னை வாவிக் கரைக்கு அழைத்துச் சென்றார். பழைய துறையில் இன்றும் மாடுகள் நீர் குடிக்கின்றன. அதைக் கடந்து, அன்று அவர் விரல் நீட்டிக் காட்டிய மூலைக்குப் போனோம். அங்கே இளங் கண்ணா மரங்கள் தலைக்கு மேலே நின்றன. நட்டது யார் என்று கேட்டேன். ஒருவரும் நடவில்லை. ஆழிப்பேரலைக்குப் பின்னர் வீதி போட்டபோது அடைபட்டுப்போன ஒரு மதகைச் சில ஆண்டுகளுக்கு முன்னர் ஊரவர் தாமே தோண்டித் திறந்தார்களாம். தண்ணீர் போய் வரத் தொடங்கியதும் கண்ணா தானாகவே முளைத்ததாம். அவரும் வேறு இரண்டு பெண்களும் பழைய வலையைச் சுற்றிக் கட்டி மாடு நுழையாமல் பார்த்துக்கொண்டார்கள். டித்வா நாட்களில் வாவி ஏறியபோது மற்றக் கரை அரித்தது, இந்த மூலை அரிக்கவில்லை என்று காட்டினார். நானும் பார்த்தேன். மரங்களுக்கு இடையே ஒரு சிறுவன் அத்தாங்கு வைத்து இறால் பிடித்துக்கொண்டிருந்தான்.

இந்தக் காவலுக்கு அவர்களுக்கு எவரும் ஒரு சதமும் கொடுத்ததில்லை. 2022 இல் எகிப்தில் கூடிய காலநிலை மாநாட்டில், பாதிக்கப்படும் வறிய நாடுகளுக்கென்று இழப்பு மற்றும் சேத நிதியம் ஒன்றை அமைக்க உடன்பட்டனர். 2023 இல் டுபாயில் அதற்கு உயிர் கொடுத்தனர். அந்த நிதி எங்கள் நாட்டுக்கு வரும்போதெல்லாம், கொழும்பில் கணக்குப் பார்ப்பவர்களிடம் மூன்று விடயங்களைக் கேட்க வேண்டும் என்று வாவிக் கரையிலேயே நின்று குறித்துக்கொண்டேன்.

முதலாவது, கன்றுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும் பகுதி, நட்ட நாளுக்குப் பின்னர் வரும் ஐந்து ஆண்டுகளுக்குக் காவற்கூலியாகப் போக வேண்டும். வேலி கட்டுபவருக்கும் மாடு விரட்டுபவருக்கும் மாதச் சம்பளம் கிடைத்தால், காடு வளர்வதும் வறுமை குறைவதும் ஒரே கணக்கில் நடக்கும். இரண்டாவது, அரச வானிலை அறிவிப்பு கடலை மூடும் நாட்களில் கடன் தவணையும் வட்டியும் தாமாகவே நிற்க வேண்டும். அந்நாட்களுக்கு ஒரு சிறு உதவித்தொகையும் வேண்டும். உயிரைக் காக்கச் சொல்பவரே அதற்கான செலவையும் ஏற்பதுதான் முறை. மூன்றாவது, எந்த மூலையில் நிற்கும், எந்த மூலையில் நிற்காது என்பதைக் கரையில் உள்ளவரிடம் கேட்டு, அவர் சொன்னதைத் திட்ட அறிக்கையில் எழுதி வைக்க வேண்டும். ஏற்காவிட்டால், ஏன் ஏற்கவில்லை என்பதையும் எழுத வேண்டும்.

நான்காவதாக ஒன்று எங்கள் தொழிலுக்கு உரியது. நடுகை விழாவுக்குப் போகும் நிருபர், மூன்றாம் ஆண்டில் திரும்பிப் போகும் திகதியையும் அன்றே தன் நாட்குறிப்பில் எழுதிக்கொள்ளட்டும். போகும் வழிச் செலவைப் பத்திரிகை கொடுக்கட்டும்.

புறப்படும்போது பழக்கதோஷத்தில் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, "இந்த மூலையில எத்தனை மரம் இருக்கும் அக்கா?" என்று கேட்டேன்.

"எண்ணிப் பார்க்கல்ல தம்பி" என்றார். "விடிய எழும்பி வேலி நிக்குதா எண்டுதான் பார்க்கிற."

வேலியில் ஓரிடத்தில் வலை அறுந்திருந்தது. அவர் குனிந்து அதனை முடிந்துகொண்டிருந்தபோது நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் வர இன்னும் நேரமிருந்தது.